ஒரு தாய், இரண்டு குட்டிகள், இரண்டு விலைகள்: பந்தயக் குதிரை ஏலம் எப்படி நடக்கிறது?

என் மாமா கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிப்பவர். இங்கிலாந்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. ஆனால் நியூமார்க்கெட், எப்சம், டொன்காஸ்டர், யோர்க் என்று அந்த நாட்டு ஊர்ப் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்வார். அங்கே கோடைகாலத்தில் பகல் இரண்டு மணிக்குக் குதிரைகள் ஓடும்போது இங்கே மாலை ஆறரை மணி. வேலை முடிந்து வருபவர்கள் புக்கிக்குள் நுழையும் நேரம். மாமாவும் கையில் றேஸ் பேப்பருடன், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அங்கே நிற்பார். மாமியின் காப்பு அடைவுக்குப் போனதும், மீண்டு வந்ததும், மறுபடி போனதும் அந்தப் பென்சிலால்தான்.

நான் பாடசாலை மாணவனாக இருந்த காலத்தில் ஒருநாள் அவர் கேட்டார்: "இந்தக் குதிரைகள காசு குடுத்து வாங்குறவன் எதப் பாத்து வாங்குறான் தம்பி? அது மட்டும் தெரிஞ்சா நான் தோக்க மாட்டேன்."

பல வருடங்களுக்குப் பிறகு வேலை நிமித்தம் இங்கிலாந்தில் இருந்தபோது, ஓர் ஒக்டோபர் மாதம் அந்தக் கேள்வியுடன் நியூமார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே பார்த்ததையும் பிறகு தேடிப் படித்ததையும் மாமாவுக்குச் சொல்வதைப் போலவே இங்கே எழுதுகிறேன்.

ஓடிப் பார்க்காத குதிரை

நியூமார்க்கெட்டில் ஏலம் நடத்தும் நிறுவனம் டாட்டர்சால்ஸ். ரிச்சர்ட் டாட்டர்சால் என்பவர் 1766 இல் லண்டனில் ஆரம்பித்தது. உள்ளே போக நுழைவுச்சீட்டு தேவையில்லை. யாரும் போகலாம், பார்க்கலாம். கையை மட்டும் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒக்டோபரில் அங்கே விற்கப்படுபவை ஒரு வயதுக் குட்டிகள். இவை 'தரோபிரெட்' எனப்படும் பந்தய இனத்தைச் சேர்ந்தவை. உலகத்தில் உள்ள எல்லா தரோபிரெட் குதிரைகளுக்கும் தந்தை வழியில் மூன்றே மூன்று மூதாதையர்கள்: பயர்லி டேர்க், டார்லி அரேபியன், கொடோல்பின் அரேபியன். மூன்றும் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டவை.

வட அரைக்கோளத்தில் பிறந்த எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் பிறந்தநாள் ஜனவரி 1 என்றே கணக்கு. அவுஸ்திரேலியா போன்ற தென்பகுதி நாடுகளில் அது ஓகஸ்ட் 1. ஜனவரியில் பிறந்த குட்டியும் மே மாதத்தில் பிறந்த குட்டியும் கணக்கில் ஒரே வயது. அதனால் வாங்க வருபவர்கள் பிறந்த திகதியையும் பார்க்கிறார்கள். மே மாதக் குட்டி இன்று சிறிதாகத் தெரிந்தால், அது இன்னும் வளரும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

முக்கியமான விடயம் இதுதான்: இந்தக் குட்டிகளின் முதுகில் பெரும்பாலும் எவரும் ஏறி ஓட்டியதில்லை. பந்தயத்தில் ஓடுவது அடுத்த வருடம்தான். மாமாவிடமாவது ஒரு குதிரையின் முந்தைய ஓட்டங்களைச் சொல்லும் றேஸ் பேப்பர் இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

பட்டியலில் என்ன இருக்கிறது?

ஏலப் பட்டியலில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பக்கம். மேலே தந்தையின் பெயர், அதன் சாதனைகள். பக்கத்தின் பெரும்பகுதி தாயைப் பற்றியது: தாய் எப்படி ஓடியது, அதன் மற்றக் குட்டிகள் என்ன செய்தன, பாட்டி என்ன செய்தது. பெரிய பந்தயங்களில் வென்றவையும் இடம் பிடித்தவையும் தடித்த கறுப்பு எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பக்கத்தில் கறுப்பு கூடக்கூட விலையும் கூடும்.

தாய்க்கு ஏன் இவ்வளவு இடம்? ஒரு பொலிகுதிரைக்கு ஒரே வருடத்தில் நூறுக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறக்கலாம். தாய் பதினொரு மாதம் சுமந்து, வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும். அதனால் ஒரே தந்தைக்குப் பிறந்தவற்றை இத்தொழிலில் சகோதரங்களாகக் கணக்கெடுப்பதில்லை. ஒரே தாய்க்குப் பிறந்தால்தான் அந்தப் பெயர்.

செயற்கை முறையில் சினைப்படுத்தவும் அனுமதி இல்லை. பொலிகுதிரையும் பெட்டையும் நேரில் சேர்ந்து பிறந்த குட்டிதான் பதிவேட்டில் ஏறும். அதனால் நல்ல பொலிகுதிரைக்கு எப்போதும் தட்டுப்பாடு. பிராங்கெல் என்ற பொலிகுதிரையுடன் ஒரு பெட்டையைச் சேர்க்க 2024 இல் கட்டணம் 350,000 பவுண்கள். கொழுத்த விலைகளின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. ஓர் ஆண் குட்டிக்குப் பெரும் பணம் கொடுப்பவர் பந்தயப் பரிசை மட்டும் நம்பிக் கொடுப்பதில்லை. அது வென்று பொலிகுதிரையானால் வரும் வருமானத்தை நம்பிக் கொடுக்கிறார்.

நடக்க வைத்துப் பார்த்தல்

பட்டியலில் தெரிவு செய்த குட்டிகளை லாயத்துக்குப் போய்ப் பார்க்கிறார்கள். பார்ப்பவர்களில் பலர் முகவர்கள். வாங்கும் விலையில் பொதுவாக 5 வீதம் அவர்களுடைய தரகு. குட்டியை நேராக நடக்கச் சொல்லி, திருப்பி வரச் சொல்லி, முன்னாலும் பின்னாலும் நின்று பார்க்கிறார்கள். முன்னங்கால்கள் நேராக இறங்குகின்றனவா, முழங்கால் பின்னோக்கி வளைந்திருக்கிறதா, குளம்புகள் சமமானவையா, நடக்கும்போது பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று கவனிக்கிறார்கள். ஒரே குட்டி ஒரு நாளில் பலருக்காக மீண்டும் மீண்டும் நடந்து காட்ட வேண்டும். அந்தக் களைப்பிலும் அமைதியாக நடக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது மிருக வைத்தியர்களின் வேலை. கால் மூட்டுகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்க்கிறார்கள். மூக்கு வழியாகச் சிறு கமராக் குழாயைச் செலுத்தித் தொண்டையைச் சோதிக்கிறார்கள். குரல்வளையின் ஒரு பக்கம் சரியாகத் திறக்காவிட்டால், வேகமாக ஓடும்போது போதிய காற்று உள்ளே போகாது.

இரண்டு நிமிடங்கள்

ஏல அரங்கின் நடுவில் வட்டமான பாதை. பராமரிப்பவர் குட்டியைப் பிடித்தபடி சுற்றி வர, ஏலம் கூறுபவர் உயரத்தில் இருந்து விலை கேட்கிறார். விலை இன்றும் கினியில்தான். ஒரு கினி என்பது 21 ஷில்லிங். இன்றைய கணக்கில் 1 பவுண் 5 பென்ஸ். பவுண் விற்பவருக்கு, மேலதிக ஷில்லிங் ஏலம் கூறுபவருக்கு என்பது பழைய வழக்கம். 100,000 கினிக்கு வாங்கினால் 105,000 பவுண்கள் கட்ட வேண்டும்.

விற்பவர் முன்கூட்டியே ஒரு குறைந்தபட்ச விலையைக் கொடுத்திருப்பார். கேள்வி அதை எட்டாவிட்டால் குட்டி வீட்டுக்குத் திரும்பும். எட்டினால், சுத்தியல் விழுந்த கணத்தில் குட்டி வாங்கியவருடையது. அடுத்த நிமிடம் அது இடறி விழுந்தாலும் நட்டம் அவருக்கே.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, கேட்பவர்கள் கையை உயர்த்தவேயில்லை. ஒருவர் பட்டியலை இலேசாக அசைத்தார். இன்னொருவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் ஒரு வீட்டின் விலை ஏறியது. ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் எல்லாம் முடிந்து அடுத்த குட்டி வந்தது.

தெரிந்தவர்கள் வாங்கியவை

இவ்வளவு பார்த்து வாங்குபவர்கள் சரியாகத்தான் வாங்குகிறார்களா? மாமாவின் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் தொடங்குகிறது.

1975 இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு குட்டி 17,500 டொலருக்கு விலைபோனது. அதன் முன்னங்கால் ஒன்று வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. சியட்டில் ஸ்லூ என்று பெயரிடப்பட்ட அந்தக் குதிரை, 1977 இல் ஒரு தோல்வியும் காணாமல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. 17 பந்தயங்களில் 14 வெற்றி. பரிசுத் தொகை 12 இலட்சம் டொலருக்கும் மேல்.

பத்து வருடங்கள் கழித்து, 1985 இல், அதே தாயின் இன்னொரு குட்டி கென்டக்கியின் கீன்லாண்ட் ஏலத்துக்கு வந்தது. தந்தை, 1970 இல் இங்கிலாந்தின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற நிஜின்ஸ்கி. இம்முறை பக்கம் முழுக்கக் கறுப்பு எழுத்து. விலை 13.1 மில்லியன் டொலர். அண்ணனின் விலையைப் போல ஏறக்குறைய 750 மடங்கு. சியட்டில் டான்சர் என்ற அந்தக் குதிரை ஐந்து முறை ஓடி இரண்டு முறை வென்றது. மோசமான குதிரை இல்லை. ஆனால் அண்ணன் இல்லை.

இதற்கு இரண்டு வருடம் முன்னர், 1983 இல், துபாயின் ஷேக் மொஹமட், றொபர்ட் சாங்ஸ்டர் தரப்புடன் போட்டிபோட்டு ஸ்னாபி டான்சர் என்ற குட்டியை 10.2 மில்லியன் டொலருக்கு வாங்கினார். ஒரு வயதுக் குட்டி ஒன்று 10 மில்லியனைத் தாண்டியது அதுவே முதல் தடவை. பயிற்சியில் அது மெதுவாக ஓடியதால் பந்தயத்துக்கே விடவில்லை. பொலிகுதிரையாக வைத்தபோது பிறந்த குட்டிகள் நான்கு மட்டுமே.

2006 இல் புளோரிடாவில் இரண்டு வயதுக் குதிரை ஒன்று, ஏலத்துக்கு முன்னரான ஓட்டத்தில் ஒரு பர்லாங்கை, அதாவது சுமார் 200 மீற்றரை, 9.8 செக்கனில் கடந்தது. மீண்டும் துபாய்த் தரப்பும், சாங்ஸ்டரின் பழைய பங்காளிகளான அயர்லாந்தின் கூல்மோர் தரப்பும் மோதின. கூல்மோர் 16 மில்லியன் டொலருக்கு வாங்கியது. கிரீன் மங்கி என்ற அந்தக் குதிரை மூன்று முறை ஓடி, ஒருமுறையும் வெல்லாமல், 10,440 டொலர் சம்பாதித்தது.

ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது குதிரை மட்டுமல்ல என்பதை இந்தக் கதைகள் காட்டுகின்றன. விட்டுக்கொடுக்க விரும்பாத இரண்டு பேர் ஒரே அரங்கில் இருந்தால் போதும்.

அதற்காக அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. 1998 இல் 4 மில்லியன் டொலருக்கு வாங்கப்பட்ட பூசாய்ச்சி பெகாசஸ், 2000 ஆம் ஆண்டு கென்டக்கி டேர்பியை வென்றது. பிறகு பொலிகுதிரையாக 60 மில்லியன் டொலருக்கும் அதிகமாக விலைபோனதாகச் செய்திகள் வந்தன. வருடத்துக்குப் பல பத்துக் குட்டிகளை வாங்குபவருக்கு இப்படி ஒன்று கிடைத்தால் போதும். மற்றவற்றின் நட்டத்தை அது சுமந்துவிடும்.

ஒரு குதிரையை, அல்லது அதில் ஒரு பங்கை மட்டும் வாங்கும் சாதாரண மனிதருக்கு அந்த வசதி இல்லை. வாங்கிய விலையோடு செலவும் முடிவதில்லை. இங்கிலாந்தில் ஒரு குதிரையைப் பயிற்சியில் வைத்திருக்க வருடத்துக்குப் பொதுவாக 20,000 பவுண்களுக்கு மேல் போகும். அது வென்றாலும் தோற்றாலும் தின்னும். ஓடாத குதிரைக்கும் இன்னும் இருபது வருட ஆயுள் இருக்கலாம். அதை யார் பார்த்துக்கொள்வது என்பது ஏலப் பட்டியலில் அச்சிடப்படாத கேள்வி.

அன்று இரவு நியூமார்க்கெட்டில் இருந்து மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கண்டதையெல்லாம் சொன்னேன். சியட்டில் ஸ்லூவின் கதையை இரண்டு முறை கேட்டார்.

"அப்ப அவங்களுக்கும் தெரியாதா தம்பி?" என்றார்.

"முழுசாத் தெரியாது மாமா. ஆனா பிழைச்சா அவங்களால தாங்க ஏலும். நூறு குதிர வாங்குறாங்க. அவங்க வீட்டுல காப்பு அடைவுக்குப் போறதில்ல."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மாமி பக்கத்தில இருக்கா, பேசு" என்று தொலைபேசியைக் கொடுத்துவிட்டார்.