கலைக்கூடத்தில் அனைவருக்கும் இடம்

பருத்தி பயிரிடும் நம் அன்பர்கள் பஞ்சைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. ஒரு சிட்டிகை எடுத்து, இரு கை விரல்களுக்கும் இடையே வைத்து இழுத்துப் பார்த்தே இழையின் நீளத்தையும் உறுதியையும் மதிப்பிடுகின்றனர். நெசவாளரோ, துணியின் ஓரத்தை விரல் நுனியால் தடவிய மாத்திரத்தில், ஊடை நெருக்கமாக விழுந்திருக்கிறதா, கஞ்சி மிகுந்துவிட்டதா என்பதைச் சொல்லிவிடுவார். கையும் ஒரு கண்ணே என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. ஆயினும், ஓவியமும் சிற்பமும் வைத்துள்ள கலைக்கூடங்களுக்குச் சென்றால், பெரும்பாலும் முதலில் நம் எதிரே நிற்பது "தொடாதீர்கள்" என்னும் பலகைதான்.

சில காலத்திற்கு முன்னர், நம் சங்கத்து அன்பர்கள் சிலருடன் நாம் ஒரு நகரத்தில் நடைபெற்ற தற்காலக் கலைக் காட்சிக்குச் சென்றிருந்தோம். நம்முடன் வந்த பெரியவர் ஒருவர் நாற்பது ஆண்டுகள் தறியில் உழைத்தவர். இப்பொழுது பார்வை முற்றிலும் போய்விட்டது. நூலும் கயிறும் கொண்டு அமைத்த பெரிய தொங்கல் ஒன்று அங்கே இருப்பதாகக் கேட்டதும், அவர் ஆவலுடன் கையை நீட்டினார். காவலர் தடுத்துவிட்டார். காவலர் தம் கடமையைச் செய்தார். அவர்மேல் குறை சொல்வதற்கில்லை. பெரியவர் ஒன்றும் பேசாமல் வெளியே வந்து, வாயிலருகே கிடந்த பெஞ்சியில் அமர்ந்துகொண்டார். நாம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியதும், "உள்ளே என்னப்பா இருந்தது?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் கண் குளிரப் பார்த்துவிட்டு வந்த நம்மால் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் சொல்ல இயலவில்லை.

அன்று எழுந்த வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணம். கட்டணம் இன்றிக் கதவு திறந்திருந்தால் மட்டும் ஒரு கலைக்கூடம் எல்லோருக்கும் உரியதாகிவிடுமா? ஆகாது எனில், அதற்கு வேண்டிய ஏற்பாடுகள் யாவை? பிற நாட்டுக் கலைக்கூடங்களில் இவை எவ்வாறு நடைபெற்றன என்பதைச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தடைகள் எவை?

படிக்கட்டு மட்டுமே தடை என்று நாம் எண்ணிவிடுகிறோம். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படி தடைதான். ஆனால் வேறு தடைகளும் உள்ளன. கண் தெரியாதவருக்குக் கண்ணாடிப் பெட்டி தடை. செவி கேளாதவருக்கு, வழிகாட்டி படத்தைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது தடை. முதியவருக்கு உட்கார ஆசனம் இல்லாதது தடை. சந்தடியையும் கூச்சலையும் தாங்க இயலாத குழந்தைக்குக் கூட்டமே தடை. இவை யாவற்றிலும் பெரிய தடை ஒன்று உண்டு: "இது படித்தவர்களுக்கு உரிய இடம், நமக்கு இங்கே என்ன வேலை?" என்னும் கூச்சம். இக்கூச்சத்தைச் சொல்லால் போக்க முடியாது. வருபவர் கையில் ஏதேனும் ஒரு வேலையைக் கொடுத்தால்தான் அது போகும்.

குழந்தைகளுக்கென ஒரு வாயில்

நியூயார்க் நகரத்து நவீனக் கலைக் காட்சிசாலை 1929இல் தொடங்கப்பட்டது. அங்கே 1937இல் கல்விப் பணியை ஏற்ற விக்டர் டி அமிக்கோ என்பவர், கலையைப் பார்ப்பதைக் காட்டிலும் செய்து பார்ப்பதே சிறந்த கல்வி என்று கருதியவர். 1942இல் அவர் "சிறுவர் கலைத் திருவிழா" என்னும் ஏற்பாட்டைத் தொடங்கினார். அதன் வாயில் குழந்தைகளின் உருவ அளவுக்கு அமைக்கப்பட்டிருந்தது. பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. "இப்படி வரை, அப்படி வெட்டு" என்று யாரும் பிள்ளைகளை ஏவக்கூடாது என்பதே நோக்கம். முதல் பகுதியில் நிறம், ஒளி, வடிவம் ஆகியவற்றை விளையாட்டாக உணர்த்தும் பொம்மைகள் இருந்தன. அடுத்த பகுதியில் வண்ணம் தீட்டப் பலகைகளும், வெட்டி ஒட்டுவதற்குரிய பலவகைப் பொருள்கள் நிறைந்த மேசைகளும் இருந்தன. இத்திருவிழா 1963இல் நம் நாட்டிற்கும் கொண்டுவரப்பட்டது என்பது நினைவுகூரத்தக்கது.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1944இல் அக்காட்சிசாலை ஒரு கலை நிலையத்தை ஏற்படுத்திற்று. உடலாலும் உள்ளத்தாலும் அடிபட்டு வந்தவர்கள் அங்கே கட்டணம் இன்றிக் கைவேலை பயின்றனர். 1948இல் அது மக்கள் கலை நிலையமாக மாறி, மற்றவர்களுக்கும் பயிற்சி அளித்தது. ஒரு சாராருக்கென்று செய்த வசதி பின்னர் எல்லோருக்கும் பயன்பட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நாற்காலிக்கென்று அமைத்த சாய்தளத்தில் மூட்டை சுமப்பவரும் கைக்குழந்தையுடன் வரும் தாயும் ஏறுவது போன்றதே இது.

விரலால் காணுதல்

அதே காட்சிசாலை 1949இல் ஆன்னி ஆல்பர்ஸ் என்னும் நெசவாளரின் படைப்புகளைத் தனிக் காட்சியாக வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கென அங்கே தனிக் காட்சி நடைபெற்றது அதுவே முதல் தடவை. ஜெர்மனியில் பிறந்து, 1933இல் அமெரிக்கா சென்ற அவ்வம்மையார், தொட்டு அறியும் உணர்ச்சி மனிதரிடம் மங்கி வருகிறது என்று கவலைப்பட்டவர். சோள மணி, புல், முறுக்கிய காகிதம், கம்பி முதலியவற்றை அடுக்கி, அவற்றின் சொரசொரப்பையும் மென்மையையும் மாணவர் உணருமாறு பாடம் நடத்தினார். 1965இல் வெளிவந்த தம் நெசவு நூலிலும் இதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார்.

நிற்க. கலைப்பொருளைத் தொடலாகாது என்னும் விதிக்கு நியாயம் உண்டு. விரலின் வியர்வையில் உப்பும் எண்ணெயும் உள்ளன. ஒருவர் தொட்டால் தெரியாது, ஆயிரம் பேர் தொட்டால் பட்டு கறைபடும், உலோகம் மங்கும். நெய்து மடித்த சேலையை ஈரக்கையால் தொட நாமும் விடுவதில்லை. ஆனால் பொருளைக் காப்பதும் மனிதரை வரவேற்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. 1972 முதல் அந்நியூயார்க் காட்சிசாலை, கண்பார்வை இல்லாதோர் சிற்பங்களைத் தொட்டு அறியும் சுற்றுகளை நடத்தத் தொடங்கியது.

இத்தகைய சுற்றுகள் நடைபெறும் முறை பின்வருமாறு: எந்தெந்தப் பொருளைத் தொடலாம் என்பதைப் பாதுகாப்பு வல்லுநர் முன்னரே தேர்ந்து வைக்கின்றனர், கல்லும் வெண்கலமும் பெரும்பாலும் இதற்கு ஏற்றவை. வருவோர் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கின்றனர்; சில இடங்களில் மெல்லிய கையுறை தருகின்றனர். வழிகாட்டி முதலில் பொருளின் உயரம், அகலம், நிற்கும் நிலை ஆகியவற்றைச் சொல்கிறார். பிறகே கை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செல்கிறது. முழுமையை முதலிலும் பகுதியைப் பின்னரும் அறிவதே முறை.

தொட இயலாத ஓவியத்தைச் சொல்லால் காட்டுகின்றனர். "அழகான படம்" என்பது வருணனை ஆகாது. "ஆள் உயரம், இடப்பக்கம் முக்கால் பங்கு கருநீலம், வலது மூலையில் உள்ளங்கை அளவு மஞ்சள்" என்பதே வருணனை. காட்சிக்கு வைத்தது துணியாயின் இன்னும் எளிது. அதே நூலில், அதே கட்டில் சிறு மாதிரி ஒன்று நெய்து அருகே வைத்துவிட்டால் போதும். மூலப்பொருளுக்குச் சேதமில்லை, விரலுக்கும் விருந்து கிடைக்கும்.

செவியும் நினைவும்

செவி கேளாதோருக்கான சுற்றுகளைச் செவி கேளாத வழிகாட்டிகளே தம் சைகை மொழியில் நடத்துவது சிறப்பு. லண்டன் நகரத்து டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் இவ்வாறு நடத்தியுள்ளனர். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து நடத்துவதாயின், கலைஞர் பெயர்களையும் கலைச் சொற்களையும் அவருக்கு முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். கேட்போர் முதலில் கையைப் பார்த்து, பின்னர் படத்தைப் பார்க்க வேண்டியிருப்பதால், இரண்டிற்கும் இடையே போதிய நேரம் விடவேண்டும்.

முதுமையில் நினைவு தவறும் நோய் கண்டவர்களுக்காக, நியூயார்க் காட்சிசாலை 2006இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பொதுமக்களுக்கு விடுமுறையாக இருந்த செவ்வாய்க்கிழமைகளில் அவர்களையும் உடன் இருந்து பேணுபவர்களையும் வரவழைத்தனர். நான்கைந்து படங்களின் முன் மட்டும் அமர்ந்து, நிதானமாக உரையாடினர். "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்றால் அம்முதியவர் தவிப்பார், "இப்படத்தில் என்ன தெரிகிறது?" என்றால், எதிரே இருப்பதைப் பார்த்து மனத்தில் பட்டதைச் சொல்லிவிடலாம். தவறான விடை என்பதே அங்கு இல்லை. நோயாளியும் பேணுபவரும் சிறிது நேரமேனும் தாயும் மகளுமாக, கணவனும் மனைவியுமாக மீண்டும் அருகருகே அமர்ந்து பேசுவது எளிய லாபம் அன்று.

எல்லோரும் ஒரே வழியில்

மேலே குறிப்பிட்ட டேட் மாடர்ன், முன்னாளில் மின்சார நிலையமாக இருந்த கட்டடத்தில் 2000ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. மின்னாக்கி எந்திரங்கள் நின்ற பெருங்கூடம் 35 மீட்டர் உயரமும் 152 மீட்டர் நீளமும் உடையது. மேற்கு வாயிலில் படிகள் இல்லை. அகன்ற சாய்தளம் ஒன்றின் வழியே எல்லோரும் இறங்கிச் செல்கின்றனர். சிலரைப் புறவாயில் வழியே அனுப்பாமல் அனைவரையும் ஒரே வழியில் நடத்துவது மரியாதைக்குரிய ஏற்பாடு அல்லவா?

2021ஆம் ஆண்டுக் கோடையில் இக்கூடத்தின் தரை முழுவதையும் பொதுமக்கள் வரைவதற்கென்றே விட்டுவிட்டனர். ஜப்பானியக் கலைஞர் யோஷிஹாரா ஜிரோ, 1956இல் ஒரு பெரிய பலகையைத் திறந்த வெளியில் நிறுத்தி, வருவோரையெல்லாம் விருப்பம்போல் வரையச் செய்தார். அதனை நினைவுகூர்ந்தே எய் அரகாவா என்னும் கலைஞர் இதனை அமைத்தார். தரையில் வரைவதற்கு நாற்காலியில் இருப்பவரும் தவழும் குழந்தையும் ஒருவருக்கொருவர் சளைத்தவர் அல்லர். கோலமிட்டுப் பழகிய நம் வீட்டுப் பெண்மக்கள் அங்கே இருந்திருப்பின் கூச்சம் என்பதே அறிந்திருக்க மாட்டார்கள்.

ஆயினும் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் அதே கூடம் சான்று. 2010இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளை அங்கே பரப்பினார். அவை நிலத்தில் விளைந்தவை அல்ல. சீனாவின் ஜிங்டெஜென் நகரத்தில் சுமார் 1,600 கைவினைஞர்கள் பீங்கானால் ஒவ்வொன்றாகச் செய்து, வண்ணமிட்டவை. மக்கள் அவற்றின்மீது நடக்கலாம், கையால் அள்ளலாம் என்பதே முதல் ஏற்பாடு. ஆனால் மிதிபட்டு எழுந்த பீங்கான் தூசி உடல்நலத்திற்குக் கேடு என்று அஞ்சி, சில நாட்களுக்குள்ளாகவே அதனை நிறுத்திவிட்டனர். அனைவரையும் அழைப்பதற்கு முன் அனைத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

செய்யத்தக்கவை

இவையெல்லாம் பெருஞ்செலவில் நடப்பவை என்று தள்ளிவிடலாகாது. ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்னும் கணக்கில் சாய்தளம், பெரிய எழுத்தில் விளக்கச் சீட்டு, ஆங்காங்கே ஆசனம், தொட்டுப் பார்க்க மாதிரி, வாரத்தில் ஒரு மணி நேரம் சந்தடியற்ற காட்சி, பொறுமையுடன் விவரித்துச் சொல்ல ஒருவர் என்னும் இவற்றுள் பல, பணத்தைவிட முன்யோசனையையே வேண்டுகின்றன. அம்முன்யோசனையும் யாருக்காகச் செய்கிறோமோ அவர்களையே கலந்துகொண்டு செய்ய வேண்டும். காலில் புண் உள்ளவனைக் கேளாமல் செருப்புத் தைப்பதால் பயனில்லை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கலையை அவர்களுக்கு எட்டும்படி செய்வதும் அரசின் கடமை என்று கூறுகிறது. ஆகவே, கலைக்கூடத்தில் இவ்வசதிகளைக் கேட்பது தயவை வேண்டுவது ஆகாது. உரிமையைக் கேட்பதே ஆகும். அன்பர்கள் எந்தக் காட்சிக்குச் சென்றாலும், புறப்படுமுன் ஒரு கடிதமோ தொலைபேசியோ வாயிலாக, "எங்களுடன் கண் தெரியாதவர் ஒருவர் வருகிறார், அவர் தொடத்தக்க பொருள் யாது? விவரித்துச் சொல்ல ஆள் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்று விடை வரினும் கேள்வி வீண் போகாது. பலர் கேட்டால் ஒருநாள் ஏற்பாடு தானே உண்டாகும்.

அப்பெரியவரை மீண்டும் ஒரு காட்சிக்கு அழைத்துச் செல்வதாக உள்ளோம். இம்முறை முன்னரே எழுதிக் கேட்டுவிட்டுச் செல்வோம். அங்கே வசதி ஒன்றும் இல்லை என்றாலும், அளவும் நிறமும் இடமும் குறித்து ஒவ்வொன்றாகச் சொல்ல நாம் பழகி வருகிறோம். அவரை இனி வெளியே பெஞ்சியில் அமர்த்திவிட்டு நாம் மட்டும் உள்ளே செல்வதில்லை என்பது உறுதி.