சொல் ஏணியில் நேர்வழி கிடையாது

மரத்தைக் குளமாக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஓர் எழுத்தைத்தான் மாற்றலாம். மாற்றியபின் கிடைப்பது பொருளுள்ள சொல்லாக இருக்க வேண்டும். எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ இடம் மாற்றவோ கூடாது.

மரம், வரம், வளம், குளம். மூன்றாவது படியில் வந்து சேர்ந்துவிட்டோம்.

இந்த விளையாட்டின் பெயர் சொல் ஏணி. மரத்துக்கும் குளத்துக்கும் இடையே மாறியிருப்பவை இரண்டே எழுத்துகள். அப்படியானால் இரண்டு படிகள் போதாதா? முதலெழுத்தை முதலில் மாற்றினால் ‘குரம்’ வருகிறது. நடுவெழுத்தை முதலில் மாற்றினால் ‘மளம்’ வருகிறது. இரண்டுமே நம் புழக்கத்தில் இல்லை. நேர்வழியில் கால் வைக்க இடமில்லாததால், மரத்திலும் குளத்திலும் இல்லாத ‘வ’வைக் கடன் வாங்கிச் சுற்றிப் போகிறோம். அந்தச் சுற்றுவழியைக் கண்டுபிடிப்பதில்தான் ஆட்டத்தின் சாரம் இருக்கிறது. கணினி அறிவியலும் உயிரியலும் இந்தச் சிறு புதிரைப் பொருட்படுத்தியதற்கும் அதுவே காரணம்.

இதை உருவாக்கியவர் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ எழுதிய லூயிஸ் கரோல். இயற்பெயர் சார்ல்ஸ் டாட்ஜ்சன். ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1877ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பொழுது போகவில்லை என்ற ஜூலியா ஆர்னால்ட், எத்தல் ஆர்னால்ட் என்ற சகோதரிகளுக்காக இந்தப் புதிரை அமைத்தார். 1879 மார்ச் மாதம் லண்டனின் ‘வானிட்டி ஃபேர்’ இதழில் ‘டப்ளெட்ஸ்’ என்ற பெயரில் அது வெளிவரத் தொடங்கியது. பரிசுப் போட்டியும் நடந்தது. அதே ஆண்டில் மாக்மில்லன் நிறுவனம் அதை நூலாகவும் வெளியிட்டது.

கரோல் தந்த புதிர்களில் ஒன்று, ‘ஃபோர்’ என்ற நான்கை ‘ஃபைவ்’ என்ற ஐந்தாக உயர்த்துவது. ஆங்கில எழுத்துக்கூட்டலை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த விடையைப் படியுங்கள்: நான்கைக் குறிக்கும் ஃபோர், ஆட்டத்தில் விதிமீறலான ஃபவுல், முட்டாளைக் குறிக்கும் ஃபூல், பாதமான ஃபுட், கோட்டையான ஃபோர்ட், முன்பக்கத்தைக் குறிக்கும் மற்றொரு ஃபோர், நெருப்பான ஃபயர், கடைசியில் ஃபைவ். மாற வேண்டிய எழுத்துகள் மூன்று. ஏற வேண்டிய படிகளோ ஏழு.

ஏன் இவ்வளவு சுற்று? உயிரெழுத்துகள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். நான்கில் உயிரெழுத்துகள் இரண்டாம், மூன்றாம் இடங்களில் இருக்கின்றன. ஐந்தில் இரண்டாம், நான்காம் இடங்களில். ஆக, மூன்றாம் இடத்து உயிர் விலக வேண்டும். நான்காம் இடத்தில் ஒன்று வர வேண்டும். அதற்கு வழிவிடுவது கோட்டை என்ற சொல். அதில் இரண்டாம் இடத்தில் மட்டுமே உயிரெழுத்து. அந்தச் சொல்லைப் பிடித்துவிட்டால் மீதிப் படிகள் தாமாக விழும்.

ஆங்கிலச் சொல் ஏணியைத் தீர்க்க விரும்புகிறவர் கற்க வேண்டிய முதல் பாடம் இது. எந்த எழுத்தை எதனால் மாற்றலாம் என்று தொடங்காதீர்கள். இரு முனைச் சொற்களிலும் உயிரெழுத்துகள் ஒரே இடங்களில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், ஓர் அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்குத் தாவ உதவும் சொல்லைத் தேடுங்கள். இரண்டாவது பாடம், இரு முனைகளிலிருந்தும் நடப்பது. மேலிருந்து இரண்டு படி, கீழிருந்து இரண்டு படி என்று எழுதிப் பார்த்தால் நடுவில் எங்காவது இரண்டும் சந்திக்கும். மூன்றாவது பாடம்தான் கடினமானது: சரியான இடத்தில் ஏற்கெனவே வந்துவிட்ட எழுத்தையும் தேவைப்பட்டால் கைவிடத் துணிய வேண்டும். பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தமிழில் ஆடும்போது கணக்கு சற்று மாறுகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்; நமக்கு 247. உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவே எண்ணுவதால், ஒரே படியில் மெய்யும் உயிரும் சேர்ந்து மாறலாம். விதை, கதை, கனி என்று விதையை இரண்டே படிகளில் கனியாக்க முடிவது அதனால்தான்.

ஒரு மொழியின் சொற்களையெல்லாம் இப்படி இணைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணினி அறிஞர் டொனால்ட் நூத் அதைச் செய்தார். 1993இல் வெளியான ‘ஸ்டான்ஃபோர்டு கிராஃப்பேஸ்’ நூலுக்காக ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் 5,757ஐத் தொகுத்தார். ஓர் எழுத்து மட்டும் மாறுபடும் சொற்களை ஒன்றோடொன்று இணைத்தார். சொற்களை ஊர்களாகவும் இணைப்புகளைச் சாலைகளாகவும் கொண்ட வரைபடம் கிடைத்தது. அதில் 14,135 சாலைகள். சராசரியாக ஓர் ஊரிலிருந்து ஐந்து சாலைகள் கிளம்புகின்றன. 671 ஊர்களுக்குச் சாலையே கிடையாது. அந்தச் சொற்களை எந்த ஏணியாலும் எட்ட முடியாது.

இந்த வரைபடம் கையில் இருந்தால் கணினிக்கு வேலை எளிது. தொடக்கச் சொல்லிலிருந்து ஒரு படியில் எட்டும் சொற்களையெல்லாம் முதலில் குறித்துக்கொள்ளும். பிறகு அவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு படி. முன்பே குறித்த சொல்லை மறுபடி தொடாது. இப்படி அடுக்கடுக்காக விரியும்போது இலக்குச் சொல் எந்த அடுக்கில் முதலில் தட்டுப்படுகிறதோ, அதுவே மிகக் குறைந்த படிகளின் எண்ணிக்கை. புதிர்வழியில் குறுகிய பாதையைக் காண எட்வர்ட் மூர் 1959இல் எழுதிய கட்டுரை இம்முறையை விளக்குகிறது. இன்றும் கணினி அறிவியல் மாணவர்களுக்கு இதைக் கற்பிக்கச் சொல் ஏணி ஒரு வழக்கமான பயிற்சி.

உயிரியலில் இந்தப் புதிர் இன்னும் ஆழமாக இறங்கியது. பரிணாமம் கண்மூடித்தனமான சிறு மாற்றங்களால் நடக்கிறது என்றால், பயனுள்ள ஒரு புரதம் இன்னொரு பயனுள்ள புரதமாக எப்படி மாற முடியும்? இருக்கக்கூடிய புரதங்களின் எண்ணிக்கை கற்பனைக்கு எட்டாதது. அவற்றில் வேலை செய்பவை மிகக் குறைவு. பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜான் மேனார்டு ஸ்மித் 1970இல் ‘நேச்சர்’ இதழில் இதற்கு விடை எழுதியபோது, சொல் ஏணியையே எடுத்துக்கொண்டார். சொல்லைக் குறிக்கும் ‘வேர்ட்’ என்பதை வோர், கோர், கான் வழியாக நான்கு படிகளில் ‘ஜீன்’ ஆக்கிக் காட்டினார்.

அவர் சொன்னது இதுதான்: புரதம் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வேலை செய்தாக வேண்டும். நடுவில் ஒரு படி செயலற்றுப் போனாலும் இயற்கைத் தேர்வு அதைக் கழித்துவிடும். ஆகவே, வேலை செய்யும் புரதங்கள் ஒற்றை மாற்றங்களால் இணைந்த வலைப்பின்னலாக இருக்க வேண்டும். நூறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்துக்கு ஒரே மாற்றத்தில் எட்டக்கூடிய அண்டைப் புரதங்கள் 1,900. அவற்றில் சில வேலை செய்தாலே பாதை அறுந்து போகாது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லிலும் அப்படியே: 125 விதமாக ஓர் எழுத்தை மாற்றலாம், சராசரியாக ஐந்து மட்டுமே சொல்லாகின்றன. அந்த ஐந்தே அத்தகைய சொற்களில் பெரும்பகுதியை இணைத்துவிடுகின்றன.

இதில் ஒரு குடும்பத் தொடர்பும் உண்டு. கரோலின் புதிரை முதலில் விளையாடிய ஜூலியா ஆர்னால்ட், பின்னாளில் லெனார்ட் ஹக்ஸ்லியை மணந்தார். டார்வினுக்காக வாதாடிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி அவருடைய மாமனார். 20ஆம் நூற்றாண்டின் பரிணாம உயிரியலை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜூலியன் ஹக்ஸ்லி அவருடைய மகன். நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி இன்னொரு மகன். வாலில்லாக் குரங்கைக் குறிக்கும் ‘ஏப்’ என்ற சொல்லிலிருந்து ‘மேன்’ என்ற மனிதனை உருவாக்கும்படி கரோலே ஒரு புதிர் தந்திருந்தார்.

இன்று இந்த ஆட்டம் அன்றாடப் புதிராகத் திரும்பியிருக்கிறது. ‘வீவர்’ நாள்தோறும் இரண்டு நான்கெழுத்துச் சொற்களைத் தந்து இணைக்கச் சொல்கிறது. லிங்க்ட்இன் 2024இல் தொடங்கிய ‘கிராஸ்கிளைம்ப்’, குறிப்புகளைக் கொண்டு சொற்களைக் கண்டுபிடித்து ஏணியாக அடுக்கச் சொல்கிறது. தமிழில் ஆட இவை எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடுங்கள். ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு விரைவாகக் காட்டாது.

தொடங்குவதற்கு ஒன்று தருகிறேன்: இளமையிலிருந்து முதுமைக்கு வாருங்கள். நேரே இரண்டு படிகளில் வர வழியில்லை, மூன்றில் முடியும்.