தேர்ச்சி விழுக்காடும் தேர்வறைக்கு வாராத பிள்ளைகளும்

பனியன் தொழிலால் உலகறிந்த திருப்பூர், கல்வியிலும் பெயர் பெற்றுள்ளது. 2009இல் தனி மாவட்டமான இது, பிளஸ் டூ பொதுத்தேர்வில் 2019இல் 95.37, 2020இல் 97.12, 2024இல் 97.45 விழுக்காடு தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. இது மகிழத்தக்கதே. ஆயினும், தேர்வெழுதியோரைக் கொண்டே தேர்ச்சி விழுக்காடு கணக்கிடப்படுகிறது. இடையில் நின்றோர் அக்கணக்கில் இல்லை.

இடைநிற்கும் இடர் யாருக்கு மிகுதி? பிழைப்புத் தேடித் தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தோரின் பிள்ளைகளுக்கே. ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் குடும்பம் ஊர் திரும்புகிறது. பாடம் பாதியில் அறுகிறது. வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தே முதற்பாடம். எனவே, வகுப்பில் அமர்ந்திருப்போர் யாவர் என வினவாது, இரு பள்ளிகளின் தேர்ச்சியை ஒப்பிட்டு ஆசிரியரைப் புகழ்தலும் இகழ்தலும் முறையன்று.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் துணை நிற்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாயினும், வயதுச் சான்று இல்லையாயினும் சேர்க்கையை மறுத்தலாகாது. பள்ளி செல்லாதிருந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிற் சேர்த்துச் சிறப்புப் பயிற்சியும் அளித்தல் வேண்டும்.

இவ்வுரிமையை அறியாத பெற்றோர் பலர். ஊர்ப் பெரியோர் அதனை அவர்களுக்கு எடுத்துரைக்கலாம். தமிழ் பயிலும் மாணவர், மாலையில் ஒருமணி நேரம் அப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கலாம். தேர்வறையின் வாயிலையேனும் அவர்கள் எட்டும்போதுதான் நம் விழுக்காடு முழுமை பெறும்.