இணையம் இருக்கிறது, இணைப்பு எங்கே?

இன்று நம்மில் பலரது வீடுகளில் ஒரு மேசைக் கணினி, ஒரு மடிக்கணினி, இரண்டு மூன்று கைப்பேசிகள், ஒரு ஸ்மார்ட் தொலைக்காட்சி என்று சாதனங்கள் பெருகிவிட்டன. மேசைக் கணினியில் சேமித்து வைத்திருக்கும் கல்யாண வீடியோவையும் பெருநாள் படங்களையும் பாட விளக்கக் காணொளிகளையும் முன் அறைத் தொலைக்காட்சியில் பார்க்க இவற்றை ஒன்றோடொன்று இணைக்கலாம். இதுவே வீட்டு ஊடக வலையமைப்பு. கோப்புகள் ரவுட்டர் வழியாக ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் செல்கின்றனவே தவிர வீட்டுக்கு வெளியே போவதில்லை. ஆகவே இதற்கு டேட்டாவும் செலவாவதில்லை.

ஆனால் நேற்றுவரை தெரிந்த கணினி இன்று தொலைக்காட்சியில் தெரியாமல் போய்விடுவதுண்டு. "இன்டர்நெட் நல்லாத்தானே வேலை செய்கிறது, இது மட்டும் ஏன் வரவில்லை?" என்று உம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். தெருக்கதவு திறந்திருக்கிறது என்பதால் அறைக்கதவுகளும் திறந்திருக்கின்றன என்று சொல்ல முடியாது. இணையம் வேலை செய்கிறது என்றால் ஒவ்வொரு சாதனத்துக்கும் வெளியே போக வழி இருக்கிறது என்பது மட்டுமே பொருள். அவை ஒன்றையொன்று காண்கின்றனவா என்பது வேறு கேள்வி.

அந்த நேரத்தில் பலர் செய்வது, கையில் அகப்பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றிப் பார்ப்பது. பாதுகாப்புச் சுவரை நிறுத்திவிடுவார்கள், கடவுச்சொல்லை எடுத்துவிடுவார்கள். அதிர்ஷ்டவசமாகப் படம் வந்தாலும் எது பிழை என்பது தெரியாது. வீட்டின் பூட்டுகள் மட்டும் திறந்தபடியே கிடக்கும். உயர்தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் வலையமைப்பை 7 அடுக்குகளாகப் பிரிக்கும் ஓஎஸ்ஐ மாதிரியைக் கற்கிறோம். அது பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. கீழ் அடுக்கிலிருந்து மேலே ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போனால் பிழை எங்கே இருக்கிறதோ அங்கே அது பிடிபடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதே இதன் முதல் விதி.

முதலில் வடத்தையும் வைபையையும் பாருங்கள். கணினி வடத்தால் இணைக்கப்பட்டிருந்தால் வடம் செருகிய இடத்தில் சிறிய விளக்கு எரிகிறதா? கோப்புகள் உள்ள கணினி உறக்க நிலைக்குப் போய்விட்டதா? உறங்கும் கணினி யாருக்கும் பதில் சொல்லாது. அடுத்து, எல்லாச் சாதனங்களும் ஒரே ரவுட்டரில்தான் உள்ளனவா? சில வீடுகளில் ஃபைபர் ரவுட்டர் ஒன்றும் 4ஜி ரவுட்டர் ஒன்றும் இருக்கும். தொலைக்காட்சி ஒன்றிலும் கணினி மற்றதிலும் இருந்தால் இரண்டிலும் இணையம் வரும். ஆனால் ஒன்றையொன்று காணாது. விருந்தினர் வைபையில் இணைந்த சாதனத்துக்கும் இதே நிலைதான். வீட்டுச் சாதனங்களைப் பிறர் காணாமல் தடுப்பதற்கென்றே அது உருவாக்கப்பட்டது.

இரண்டாவது, ஐபி முகவரி. விண்டோஸ் அமைப்புகளில் வலையமைப்பின் பண்புகளைத் திறந்தால் நான்கு எண்களாலான முகவரி தெரியும். பெரும்பாலான வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். சாதாரண வீட்டு வலையமைப்பில் முதல் மூன்று எண்களும் எல்லாச் சாதனங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 192.168.1.5 ஆகவும் மற்றது 192.168.8.3 ஆகவும் இருந்தால் அவை வேறு வேறு ரவுட்டர்களில் உள்ளன என்று ஊகிக்கலாம். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானாகவே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். பிழை ரவுட்டருக்கும் அந்தக் கணினிக்கும் இடையில் இருக்கிறது.

மூன்றாவது, பிங் கட்டளை. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் ஒலியே இதன் பெயராயிற்று. கட்டளைச் சாளரத்தில் பிங் என்று ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு, ஓர் இடைவெளி விட்டு, முதலில் ரவுட்டரின் முகவரியையும் பின்னர் மற்றக் கணினியின் முகவரியையும் கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் பாதை சரி. வராவிட்டால் பாதை பிழை என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். பாதுகாப்புச் சுவர் பிங்கிற்குப் பதில் சொல்லாமல் தடுத்திருக்கவும் கூடும்.

நான்காவது, பெயர். கோப்பு உலாவியின் முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு \\192.168.1.5 என்பதுபோல மற்றக் கணினியின் முகவரியைக் கொடுங்கள். கோப்புறை திறந்தால் வலையமைப்பில் பிழையில்லை. பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். அந்தக் கணினிக்கு எப்போதும் ஒரே முகவரியைக் கொடுக்குமாறு ரவுட்டரில் ஒதுக்கிவைத்தால், பெயர் தெரியாத நாளிலும் முகவரியைக் கொண்டு உள்ளே போகலாம்.

ஐந்தாவது, அனுமதி. விண்டோஸ் ஒவ்வொரு வலையமைப்பையும் பொது அல்லது தனிப்பட்டது என்று குறித்துக்கொள்கிறது. வீட்டு வைபை பொது என்று குறிக்கப்பட்டிருந்தால் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். அதைத் தனிப்பட்டது என்று மாற்றினால் போதும். பாதுகாப்புச் சுவரை நிறுத்தத் தேவையில்லை. கடவுச்சொல் கேட்கும்போது, கோப்புகள் உள்ள கணினியின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். கணினியைத் திறக்கப் பயன்படுத்தும் பின் இலக்கம் இங்கே செல்லாது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வழமையாக ஏற்பதில்லை.

பழைய மீடியா பெட்டிகள் சில, எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறையையே கேட்கும். அதை மீண்டும் இயக்கிவிடும்படி சிலர் ஆலோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற பணயத் தீநிரல் இந்த முறையிலிருந்த ஓட்டை வழியாகவே உலகெங்கும் பரவியது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள் பலவும் அதனால் தடுமாறின. புதிதாக நிறுவப்படும் விண்டோஸில் அந்த முறை இப்போது இயல்பாகவே இருப்பதில்லை. அதற்குப் பதிலாக விண்டோஸிலுள்ள ஊடக ஒளிபரப்பு வசதியை இயக்கினால் பெரும்பாலான ஸ்மார்ட் தொலைக்காட்சிகள் அதைக் கண்டுகொள்ளும்.

பெற்றோருக்கும் என் தோழியருக்கும் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முழு வன்தட்டையும் 'எல்லோருக்கும்' என்று பகிர்ந்துவிட்டால், வைபை கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும் எந்த விருந்தாளியின் கைப்பேசியிலும் நம் வீட்டுப் பெண்களின் படங்கள் திறக்கக்கூடும். அடையாள அட்டைப் பிரதியும் வங்கி ஆவணங்களும் அதே வன்தட்டில்தான் கிடக்கும். ஆகையால் தொலைக்காட்சிக்கென்று தனியாக ஒரு கோப்புறையை வைத்து, அதை மட்டும் வாசிப்பதற்கு மட்டுமே பகிருங்கள். குடும்பப் படங்களைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அதற்குள் இட்டு, பார்த்து முடிந்ததும் எடுத்துவிடுங்கள். விருந்தினருக்கு விருந்தினர் வைபையையே கொடுங்கள்.

வடம், முகவரி, பாதை, பெயர், அனுமதி. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை இணைப்பு அறுந்தால் திருத்துநரை அழைக்குமுன் வீட்டிலுள்ள மகளே அதன்படி சோதித்துப் பார்க்கட்டும். அப்போதும் சரிவராவிட்டால் எந்தப் படியில் நிற்கிறது என்பதையாவது அவளால் திருத்துநரிடம் தெளிவாகச் சொல்ல முடியும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.