வகுப்பறையிற் சித்திரக் கதைகள்

சித்திரக் கதைநூல் என்றதும், எழுத்தறியாப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என எண்ணுவோர் இன்றும் நம்மிடையே உளர். அதனைக் கொண்டு பாடம் புகட்டுவது எவ்வாறு என்பதையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வெண்ணம் புதியதன்று. மொறாவியாவிற் பிறந்த கல்வியாளர் கொமேனியஸ், ‘படங்களில் உலகம்’ எனும் பொருள்படப் பெயரிட்ட தமது நூலை 1658ஆம் ஆண்டில் நூரெம்பேர்க் நகரில் வெளியிட்டார். பாடத்துக்கொரு மரச்செதுக்குப் படம். படத்திலுள்ள பொருள்களுக்கு இலக்கங்கள். அவ்விலக்கங்களின்படி லத்தீன், ஜேர்மன் சொற்கள். கண் கண்ட பொருளின் பெயரே மனத்தில் தங்கும் என்பது அவர் கொள்கை.

நம் காலத்து உதாரணம், எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசித்த மயிர்க்கொட்டியின் கதை. திங்களன்று ஓர் அப்பிள், செவ்வாயன்று இரண்டு பெயார்ஸ் என வெள்ளிவரை அது தின்றுகொண்டே போகிறது. தின்ற பழங்களில் உண்மையாகவே துளைகள் உண்டு. பிள்ளை துளையில் விரலை விட்டு எண்ணுகையில் எண்ணும் கிழமையும் சேர்ந்தே மனத்தில் பதிகின்றன. முட்டை வண்ணத்துப்பூச்சியாவதும் அதிலேயே உண்டு. ஆனால், கதையில் வருவது அந்துப்பூச்சிகள் பின்னும் கூடு போன்றது. வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவோ பெரும்பாலும் அத்தகைய கூடின்றி வெறுமனே தொங்குவது. கதையை ரசித்த பின்னர் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டுவது ஆசிரியரின் கடன்.

இனி நமது நாட்டு நூலொன்றுக்கு வருவோம். சிபில் வெத்தசிங்க 1956இல் எழுதி வரைந்த சிங்களக் கதை ‘குட ஹொரா’. தமிழில் ‘குடைக் கள்ளன்’ எனலாம். குடையையே கண்டிராத கிராமம் அது. மழை வந்தால் வாழையிலையே தலைக்குக் காவல். கிரி மாமா நகரிலிருந்து குடை வாங்கி வருவார். ஒவ்வொரு முறையும் அது களவுபோகும். இறுதியில் கள்ளனைக் கண்டுபிடிக்கக் குடைக்குள் காகிதத் துண்டுகளை இட்டுவைப்பார்.

மலையகப் பாடசாலையொன்றில் நான் கற்பித்த காலத்தில், ‘களவு தீது’ எனும் நீதியைப் போதிக்க இக்கதையைத் தெரிந்தேன். கரும்பலகையில் அந்நீதியை முன்கூட்டியே எழுதியும் வைத்தேன். வாழையிலைப் படத்தைக் காட்டியதும், ஒரு தவணை முழுவதும் வாய்திறவாதிருந்த சிறுவன் ஒருவன் எழுந்தான்.

“சேர், எங்கம்மா மழைக்குப் படங்கு கட்டிக்கிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போவாங்க.”

“இரு, முதலில் கதையைக் கேள்” என்றேன். அவன் அமர்ந்துவிட்டான். அதன்பின் அன்று அவன் பேசவேயில்லை. பாடம் குறித்த நேரத்தில் முடிந்தது. எனினும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பேச வந்த பிள்ளையின் வாயைப் பாடத்தின் பெயரால் அடைத்தவன் நானல்லவா?

மறுநாள் நீதியை அழித்துவிட்டு, அதே பக்கத்தை விரித்து, “நேற்று என்ன சொன்னாய்?” என்று அவனிடமே கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். ஏனையோரும் தத்தம் வீட்டில் மழைக்குப் போர்த்துபவற்றைச் சொல்ல, நான் அவற்றைக் கரும்பலகையில் எழுதினேன். எழுத்துக் கூட்டத் தெரியாத அச்சிறுவன் எழுந்து வந்து முதன்முதலாக வாசித்த சொல் ‘படங்கு’.

காகிதத் துண்டுகளின் வழியே செல்லும் கிரி மாமா, மரத்தில் தம் குடைகள் தொங்குவதைக் காண்கிறார். கள்ளன் ஒரு குரங்கு! அக்குடைகளைக் கொண்டு கடை வைக்கும் அவர், ஒன்றை மட்டும் குரங்குக்கே விட்டுவிடுகிறார். “ஏன் விட்டார்?” என்றேன். “அதுவும் நனையுமே” என்றது ஒரு குரல். “அது எடுத்ததாலேதானே கடை வந்திச்சு” என்றது மற்றொன்று. நான் எழுதி வைத்திருந்த நீதியிலும் அவர்களது வாதம் ஆழமானது.

இவ்வனுபவத்திலிருந்து ஆசிரியப் பெருமக்களுக்குச் சில கூறுவேன். பிள்ளைகளை அரைவட்டமாக இருத்தி, நூலை அவர்களை நோக்கிப் பிடியுங்கள். வாசிக்குமுன் படத்தைப் பார்க்க அவகாசம் கொடுங்கள். பக்கத்தைப் புரட்டுமுன் அடுத்து என்ன நிகழும் எனக் கேளுங்கள். கணக்கோ, மொழியோ, சுற்றாடலோ, எப்பாடமாயினும் அவர்கள் கண்டதிலிருந்தே தொடங்குங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பிரதி போதும். நூல் வேற்று மொழியிலிருந்தாலும் பாதகமில்லை. என்னிடமிருந்ததும் சிங்களப் பிரதியே. கதையை நான் தமிழிற் சொன்னேன். படங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

நீதியை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பேச எழும் பிள்ளையை அமர்த்திவிட்டால், அது மீண்டும் எழுமென்பதற்கு உத்தரவாதமில்லை. அச்சிறுவன் மறுநாளும் பேசினான் என்பது எனது திறமையன்று. எனக்குக் கிடைத்த பேறு.