தர்பூசணி பறக்குமா, மிதக்குமா?

‘மரக்காணம் பக்கம் 3 ஏக்கரில் தர்பூசணி போட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் ஒருவர் கேட்கிறார். விமானத்தில் அனுப்புவதா, கப்பலிலா?’ என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பங்குனி வெயிலில் பழம் திரளும் நேரம் என்பதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

விடை நம் உப்பங்கழியிலேயே இருக்கிறது. கழியில் பிடிக்கிற நண்டு உயிரோடு போனால்தான் விலை, அதனால் விமானம். பக்கத்துப் பண்ணை இறாலை மைனஸ் 18 டிகிரியில் உறைய வைத்துவிட்டால், ஒரு மாதக் கடல் பயணம் அதற்கு ஒரு பொருட்டில்லை, அதனால் கப்பல். சரக்கு எத்தனை நாள் தாங்கும், ஒரு கிலோ எவ்வளவு கூலியைச் சுமக்கும் என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

தர்பூசணி கனமான சரக்கு, விலையோ மலிவு. வயலில் கிலோ 10 ரூபாய், விமானக் கூலி 80 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டன்னுக்குக் கூலி மட்டும் 16 லட்சம். அதே 20 டன் ஒரு 40 அடி குளிர்சாதன கன்டெய்னரில் போய், மொத்தச் செலவு 3 லட்சம் என்றால் கிலோவுக்கு 15 ரூபாய்தான். இவை கணக்குக்காகச் சொன்னவை. அன்றைய கூலியை இரண்டு மூன்று ஏஜென்டுகளிடம் கேளுங்கள்.

மல்லிகைக்கு நேர்மாறான கதை. மறுநாள் வாடும் பூவுக்கு விமானத்தைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அங்கே பெட்டியின் அளவு காசைத் தின்னும். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள். 60க்கு 40க்கு 40 பெட்டி என்றால் 16 கிலோ. உள்ளே 10 கிலோ பூ இருந்தாலும் 16 கிலோவுக்குத்தான் கூலி.

கப்பல் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நான் இருந்தபோது, ஒரு விவசாயி நன்றாகப் பழுத்த பழமாகப் பார்த்து ஏற்றினார். நடுவழித் துறைமுகத்தில் கன்டெய்னர் மாற்றுக் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தது. போய்ச் சேர்ந்தபோது கணிசமான பழம் உள்ளே குழைந்திருந்தது. வாங்கியவர் மீதிப் பணத்தைத் தரவில்லை. ‘நேரடிக் கப்பலா?’ என்று நானாவது கேட்டிருக்கலாம். எனக்கும் அன்று தோன்றவில்லை.

தர்பூசணி 10 முதல் 15 டிகிரி குளிரில் இரண்டு, மூன்று வாரம் தாங்கும். 10-க்குக் கீழே போனால் குளிரே அதைக் கெடுக்கும். வாழை, மாம்பழம் போல இது பறித்த பிறகு இனிப்பு ஏறுகிற பழம் இல்லை. காயாகப் பறித்தாலும் நஷ்டம், கனிய விட்டாலும் நஷ்டம். காம்புக்கு அருகிலுள்ள பற்றுக்கொடி காய்ந்து, தரையில் படிந்த பக்கம் வெள்ளையிலிருந்து மஞ்சளாக மாறத் தொடங்கும்போதே வெட்டுங்கள். வாழை, பப்பாளியோடு சேர்த்து ஏற்றாதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு தர்பூசணியைக் குழைத்துவிடும்.

சென்னைத் துறைமுகம் நமக்கு 120 கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் கப்பல் ஓடும் நாளை மட்டும் எண்ணாமல், வயலில் வெட்டிய நாளிலிருந்து கடையில் அடுக்கும் நாள் வரை எண்ணுங்கள். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியபோது, ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக நேர்ந்து, பயணம் 10 நாளுக்கு மேல் நீண்டது. சிங்கப்பூர் அந்தப் பாதையில் இல்லாதது உங்களுக்கு நல்லது.

3 ஏக்கர் விளைச்சலில் ஏற்றுமதித் தரத்துக்குத் தேறுவது ஒரே நாளில் கிடைக்காது. பக்கத்து விவசாயிகள் இருவரைச் சேர்த்து, ஒரே தேதியில் வெட்டி, நேரடிக் கப்பலில் ஒரு கன்டெய்னர் அனுப்புங்கள். எஃப்.ஓ.பி. விலையா, சி.ஐ.எஃப். விலையா என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது என்றால் கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் உங்கள் செலவு. தாவரச் சுகாதாரச் சான்றிதழுக்கு, பழம் வெட்டுவதற்கு முன்பே மீனம்பாக்கத்தில் உள்ள தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் விசாரித்துவிடுங்கள்.