கோடும் பொய் சொல்லுமோ?

1878-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்க நாட்டில் மில்டன் ரைட் என்னும் பிரிவினை சபை ஆயர் ஒருவர், பயணம் முடிந்து வீடு திரும்புகையில் தம் இளைய புதல்வர்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருள் வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், மெல்லிய காகிதம் ஆகியவற்றால் ஆனது அது. முறுக்கிய ரப்பர் அவிழும்போது மேலெழும்பிப் பறக்கும். அப்போது வில்பருக்கு வயது 11, ஆர்வில்லுக்கு 7. பொம்மை விரைவில் உடைந்தது. சிறுவர்களோ அதனைப் பார்த்துத் தாங்களே வேறு செய்தனர். 25 ஆண்டுகள் கழிந்து, 1903 டிசம்பர் 17 அன்று, கிட்டி ஹாக் என்னும் ஊரை அடுத்த மணல்வெளியில் அச்சகோதரர்களின் வானூர்தி ஆர்வில்லைச் சுமந்துகொண்டு 12 விநாடிகளில் 120 அடி தூரம் பறந்தது.

அவ்வூர்தியை மரத்திலும் காகிதத்திலும் சிறு வடிவில் செய்து மகிழ்வோர் இன்று பல நாடுகளில் உள்ளனர். முன்னாளில் இவர்கள் காகித வரைபடத்தை மேசைமேல் விரித்து, அதன்மேல் மரச் சட்டங்களை ஒட்டுவர். இந்நாளிலோ பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் கணினியில் ஏற்றி, அவற்றின்மேல் புதிய கோடுகளை வரைந்துகொள்கின்றனர். 'கேட்' எனப்படும் இம்முறை 1963-இல் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' என்னும் திட்டத்தில் தளிர்விட்டது. இன்று 'லிப்ரேகேட்' போன்றவை விலையின்றியே கிடைக்கின்றன. ஆகவே, பொறியியல் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இதில் எளிதாக ஈடுபடலாம். கைத்திறனை மட்டுமன்றி, நேர்மையையும் இக்கலை சோதிக்கிறது என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

காகிதம் நீளும், சுருங்கும்

வரைபடத்தை ஸ்கேனரில் இட்டுக் கணினியில் சேர்த்ததும், அதற்கு அளவு சொல்லித் தர வேண்டும். ரைட் சகோதரரின் ஊர்தியில் இறக்கையின் முழு நீளம் 40 அடி 4 அங்குலம். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வரைந்த படத்தில் அது 40 அங்குலமும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கும் இருத்தல் வேண்டும். ஆனால் காகிதம் ஈரத்தில் நீளும், வெயிலில் சுருங்கும், அதுவும் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே அளவாக அன்று. நகல் எடுக்கும் இயந்திரமும் ஒரு திசையில் சற்று இழுத்துவிடும். ஆதலின் ஒரே ஓர் அளவை நம்பாது, நெடுக்கில் ஒன்றும் குறுக்கில் ஒன்றுமாக, தெரிந்த இரண்டு அளவுகளைக் கொண்டு சரிபார்ப்பர்.

அடுத்து, படத்தை ஓர் அடுக்கில் வைத்து, அதன்மேல் வேறோர் அடுக்கில் கோடு வரைவர். ஒளி ஊடுருவும் தாளை மேலே வைத்துப் படியெடுப்பதை ஒத்தது இது. இறக்கையின் வளைவை வரையும் புதியவர் ஐம்பது புள்ளிகளை இட்டு, மேடும் பள்ளமுமான கோட்டைப் பெறுவார்; தேர்ந்தவர் ஐந்தாறு புள்ளிகளிலேயே அவ்வளைவை ஒழுங்காகக் கொணர்வார். இறுதியில், அளவைச் சுருக்கினாலும் கடையில் வாங்கும் பால்சா மரத்தகட்டின் கனம் சுருங்காது என்பதை நினைவிற்கொண்டு, பொருத்தும் துளைகளைத் தகட்டின் கனத்துக்கேற்பத் திருத்த வேண்டும். லேசர் கதிரால் அறுப்பதாயின், அது எரித்துச் செல்லும் மயிரிழை அகலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புகைப்படம் காட்டும் உண்மை

புகைப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என நம்புகிறோம். ஆனால் அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றுவதே கண்ணுக்கும் கருவிக்கும் இயல்பு. முதற்பயணத்தைக் காட்டும் புகழ்பெற்ற படம் ஊர்தியின் பின்புறம், ஒரு பக்கமாக நின்று எடுக்கப்பட்டது. அதில் இரு பக்க இறக்கைகளையும் அளந்தால் ஒன்றுக்கொன்று ஒவ்வா. எனவே, புகைப்படத்தினின்று உறுப்புகளின் உருவத்தையும் அமைப்பையும் அறியலாம். அளவுகளை வேறு சான்று கொண்டே உறுதிசெய்தல் வேண்டும்.

சகோதரர்கள் முழுமையான வரைபடம் எதனையும் விட்டுச் செல்லவில்லை. பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் கீறிய குறிப்புப் படம் ஒன்று பிலடெல்பியா நகரின் பிராங்க்ளின் நிறுவனத்தில் காக்கப்படுகிறது. ஊர்தியோ பறந்த அன்றே காற்றில் கவிழ்ந்து உடைந்தது, 1913-இல் டேட்டன் நகர வெள்ளத்தில் சேற்றில் மூழ்கியது, 1916-இல் செப்பனிடப்பட்டது, 1928 முதல் 1948 வரை இலண்டன் அறிவியல் காட்சியகத்தில் இருந்து, பின்னர் தாயகம் மீண்டது. ஆகையால் இன்று அதனை நேரில் அளந்து வரைபவரும், செப்பனிட்ட ஊர்தியையே வரைகிறார்.

வலமும் இடமும்

கணினியில் வசதியான கட்டளை ஒன்று உண்டு. பாதியை வரைந்தால் போதும். கண்ணாடியில் தெரிவது போல மறு பாதி தானே தோன்றும். உழைப்பில் பாதி மிச்சம்! ஆயினும், 1903-ஆம் ஆண்டு ஊர்தியின் வலப்பக்க இறக்கை இடப்பக்கத்தைவிட 4 அங்குலம் நீளமானது. ஓட்டுபவர் நடுவிலிருந்து சற்று இடப்புறம் படுத்திருந்தார்; இயந்திரம் வலப்புறம் இருந்தது; அது மனிதரினும் எடை மிகுந்தது. கனம் மிகுந்த பக்கத்தைத் தாங்கவே அந்த நீளம். இதனை அறியாது பாதியைப் பிரதியெடுப்பவரின் படம் கண்ணுக்கு அழகாகவே இருக்கும். ஆனால் அச்சகோதரர்கள் எடைக்கு எடை எண்ணிப் பார்த்துக் கண்ட தீர்வு அதில் சுவடின்றி மறைந்துவிடும்.

இங்கேதான் பழைய வரைபடத்துக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு தென்படுகிறது. ஐயத்தோடு பென்சில் பிடித்தவனின் கோடு மங்கலாக இருக்கும். பார்ப்பவருக்கு அவன் தயக்கம் தெரியும். கணினிக் கோட்டுக்குத் தயக்கமே இல்லை. அளந்து வரைந்ததும், ஊகித்து வரைந்ததும் ஒரே கூர்மையோடு நிற்கும். அப்படம் பிறர் கைக்குப் போகும். அவர்கள் அதிலிருந்து படியெடுப்பர். சில ஆண்டுகளில் ஒருவரின் ஊகம் எல்லாருக்கும் வரலாறு ஆகிவிடும்.

ஆகவே மனச்சான்று உள்ள வரைஞர் ஊகித்த கோடுகளை வேறு நிறத்தில், தனி அடுக்கில் வரைவர். "இது அளந்தது, இது புகைப்படத்தினின்று கணித்தது, இது என் ஊகம்" என ஓரத்தில் எழுதுவர். மூல வரைபடம் உயிரோடிருக்கும் ஒருவருடையதாயின் அவரிடம் இசைவு பெற்று, அவர் பெயரையும் குறிப்பிடுவர். பிறர் உழைப்பைத் தமதெனக் காட்டுவதும் களவே அன்றோ?

பெற்றோரே, உங்கள் பிள்ளை கணினியின் முன் அமர்ந்து இத்தகைய வேலையில் மூழ்கியிருப்பின், வீண்பொழுது எனக் கடிந்துகொள்ள வேண்டாம். அருகில் அமர்ந்து, "இந்தக் கோடு உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். "அளந்தேன்" என்றால் மகிழுங்கள். "தெரியாது, ஊகித்தேன்" என்றால் இன்னும் மகிழுங்கள். தெரியாததைத் தெரியாதென்று சொல்லப் பழகிய பிள்ளை, நாளை வீட்டிலும் அலுவலகத்திலும் பொதுவாழ்விலும் நம்பத்தக்க மனிதனாக நிற்பான். சிறியவற்றில் நம்பிக்கைக்குரியவராக இருப்போரிடமே பெரியவை ஒப்படைக்கப்படும் என்பது நம் ஆண்டவர் கற்பித்த பாடம் அன்றோ?